கருந்துணி சுற்றிய கை

அத்தியாயம் 11

மழைக்காலத்தில் பெயின்ட் காயாது. முந்தின நாள் பூசிய நீலம் காலையிலும் விரலில் ஒட்டியது. தொமோயே கண்ணாடித்தாள்களை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்தாள். ஒவ்வொரு தாளும் பழைய காயத்திலிருந்து பிளாஸ்திரியை உரிப்பதுபோல் சத்தம் போட்டது.

மாடியறையில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. எதிர்வீட்டு மாடியில் யாரோ எடுக்க மறந்த சட்டை ஒன்று, நனைவதைத் தவிர வேறு வேலையில்லாததுபோல் தொங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கே தோள் கனத்தது.

மேற்கு டோக்கியோவின் இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் பெண்கள் கண்ணாடித்தாளின் பின்புறம் வண்ணம் பூசிக் கொடுக்கிறார்கள். பூசியது எல்லாம் தொமோயேயிடம் வரும். நிறம் மாறியிருக்கிறதா, எங்காவது இடைவெளி விட்டுப்போயிருக்கிறதா, விரல்ரேகை பதிந்திருக்கிறதா என்று பார்த்து, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் அது கேமராவுக்குப் போகும். கோடை விடுமுறைக்கு வரப்போகும் 'இடிவாசல்' படத்தின் கடைசிச் சண்டை இப்போது அவள் மடியில் கிடந்தது.

ரயில் நிலையத்துக்கு ரயில் நிலையம், காசு போட்டு விளையாடும் கடைகளில் பையன்கள் வரிசையில் நின்று ஆடும் வீடியோ விளையாட்டுதான் அது. அதைக் கார்ட்டூன் படமாக எடுக்கிறார்கள். ஓவியங்களுக்கெல்லாம் தலைமைப் பொறுப்பு அவள் கணவன் ஹிசாவோவுக்கு. பனிக்காலத்தில் ஸ்டுடியோ நடைபாதையில் அவன் மயங்கி விழுந்தபோது, ஓய்வெடுக்காவிட்டால் அடுத்த முறை எழுந்திருக்க மாட்டீர்கள் என்று டாக்டர் சொன்னார். ஹிசாவோ பணிவாகத் தலையாட்டிவிட்டு மறுபடியும் மேஜைக்குப் போய் உட்கார்ந்தான்.

அதனால்தான் தொமோயே ஊர்ப் பேச்சையெல்லாம் விழுங்கிக்கொண்டு அவன் தம்பி நோபுயாவைத் தேடிப் போய்க் கூட்டி வந்தாள். பல வருடங்களுக்கு முன்னால் வேறொரு படத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போனவன் நோபுயா. அண்ணனும் தம்பியும் அன்றிலிருந்து பேசவில்லை. போன வாரம்தான் இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். ஊறுகாய்க் கிண்ணத்தைத் தம்பி பக்கம் நகர்த்தியதுதான் ஹிசாவோவின் சமாதானம்.

கடைசிச் சண்டை முழுவதையும் நோபுயா வரைந்தான். ஸ்டுடியோவில் எல்லோரும் அதைப் பார்க்க வேலையை விட்டு எழுந்து வந்தார்களாம்.

தொமோயேவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பனி மூடிய ஆற்றங்கரை. கதாநாயகன் தொகிவா. எதிரே வெற்று மார்போடு நிற்கும் ராட்சதன். தொகிவாவின் தீய்ந்துபோன கையில் கருந்துணி சுற்றியிருக்கிறது. அதன் முனை காற்றில் பாம்பைப்போல நெளிகிறது.

அடுத்த தாள்கட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். சண்டை முடிந்தபின் வரும் காட்சி. அது வேறொருவர் வரைந்தது. தொகிவா கருந்துணியை மெல்லப் பிரிக்கிறான்.

இடது கையிலிருந்து.

அவள் மறுபடி முதல் கட்டைப் பார்த்தாள். வலது கை. இன்னொரு தாள், வலது கை. இன்னொன்று. மின்விசிறி ஒரு மூலைத் தாளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. படத்தின் மற்ற காட்சிகளிலெல்லாம் இடது கைதான்; சண்டை முழுவதும் மட்டும் துணி தவறான கையில் இருந்தது.

பெயின்டை மாற்றினால் போதாது. பறக்கும் துணிமுனை, தோளின் சாய்வு, எல்லாக் கோடும் வேறு. திரும்ப வரையவேண்டும். நாளை மறுநாள் விளையாட்டு நிறுவனத்தார் வந்து படம் பார்க்கிறார்கள்.

ஹிசாவோவிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு பெருமூச்சு விடுவான், பென்சில் சீவுவான், தானே உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப வரைவான். வரைந்து முடிக்கும்போது அவன் இருப்பானா என்பதுதான் தெரியாது.

சொல்லாமல் விடலாமா என்று யோசித்தாள். எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாளோ, கீழே கதவு திறக்கும் ஓசை கேட்டது. ஸ்டுடியோவிலேயே படுத்துவிட்டு, குளிக்கவும் சட்டை மாற்றவும் அவன் வந்திருந்தான்.

சோற்றில் சுடுதேநீர் ஊற்றி, அதையும் பாதியில் வைத்துவிட்டு அவன் உட்கார்ந்திருந்தபோது, அவள் கேட்டே விட்டாள்.

"ஏங்க, மேல கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

அவன் எதற்கு என்று கேட்கவில்லை. படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து ஏறி வந்தான். தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தான்.

"நல்லா வரைஞ்சிருக்கான், பாவி," என்றான்.

"அது சரி. கையப் பாருங்க."

"பாத்தேன்."

"மாறியிருக்கு."

"ம்."

அவள் காத்திருந்தாள். நானே போட்டுடறேன் என்ற வார்த்தைக்காக. அதற்கு என்ன பதில் சொல்வது, எப்படி வழிமறித்து நிற்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். அவனோ தாளை மெதுவாகக் கீழே வைத்தான்.

"விட்டுடு. யாரும் கவனிக்கமாட்டாங்க."

தொமோயே அவன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் வெந்நீர் ஊற்றுக்குப் போகும் ரயிலில், எதிரே ஒட்டியிருந்த விளம்பரத்தில் ஓடுகிறவனின் முழங்கால் தப்பு என்று வழிநெடுக முணுமுணுத்துக்கொண்டு வந்த மனிதன் இவன். மலையும் கடலும் ஜன்னலுக்கு வெளியே வீணாகப் போயின.

அந்த விளையாட்டிலேயே இப்படித்தான் என்று ஹிசாவோ விளக்கினான். ஆள் திரையின் இடப்பக்கம் நின்றால் துணி இடது கையில், வலப்பக்கம் நின்றால் வலது கையில். ஒரே படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போடுகிறார்கள். பையன்களுக்கு அது பழகிப்போன விஷயம்.

"விளையாட்டுல அவன் துணியப் பிரிக்கறதில்லையே," என்றாள் தொமோயே. "இங்க கடைசில பிரிக்கறான். அதுக்காகத்தான் படமே. சண்டை முழுக்க வலது கையில இருந்தது எப்படிங்க இடது கைக்குப் போகும்?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். களைப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒரு கோட்டை விட்டுக்கொடுக்கும் அளவுக்குக் களைப்பு. அதை நினைத்து நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை.

மத்தியானம் நோபுயா வந்தான். குடையை உதறி, கறிக்கடையில் வாங்கிய உருளைக்கிழங்குப் பொரியலை எண்ணெய்க் காகிதத்தோடு மேஜையில் வைத்து, வண்ணம் பூசிய தன் சண்டையைப் பார்க்க மாடிக்கு ஓடி வந்தவன், வாசலிலேயே நின்றான்.

"என்ன அண்ணி, ரெண்டு பேர் மூஞ்சியும் ஊறிப்போன அட்டை மாதிரி இருக்கு?"

அவள் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிறகு அறை நடுவே நின்று தொகிவாவைப்போலவே காலை அகட்டி, வலது கையைப் பின்னால் மறைத்தான். கையை மாற்றிப் பார்த்தான். மறுபடி வலதுக்கே வந்தான். அவன் உடம்புக்கு அதுதான் தெரிந்திருந்தது.

"நான் எப்பவும் வலது பக்கத்து ஸ்டூல்லதான் உக்காருவேன்," என்றான் கடைசியில். "ஜெயிச்சவன் இடது பக்கமே இருப்பான். சவால் விட வர்றவனுக்கு வலது பக்கம். நான் எப்பவுமே சவால் விடறவன்தான."

"மாதிரிப் படம்னு ஒண்ணு குடுத்தாங்களே, அதப் பாக்கவே இல்லையாடா?"

"அவன எனக்குத் தெரியும்னு நினைச்சேன் அண்ணி."

ஸ்டுடியோவில் அந்த விளையாட்டை உண்மையிலேயே ஆடத் தெரிந்தவன் இவன் ஒருவன்தான். அதனால்தான் சண்டை அப்படி உயிரோடு இருந்தது. அதனாலேயே கையும் மாறியது.

நோபுயா மெல்ல அண்ணன் பக்கம் திரும்பினான். ஒவ்வொரு படத்தின் மேலும் ஹிசாவோ திருத்தி வரைந்த மஞ்சள் தாள் வந்ததே, முகங்களையெல்லாம் ஒரு மயிரிழை பிசகாமல் திருத்தியிருந்ததே, அப்படியிருக்க ஒரு கை எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று கேட்டான்.

"முகம்தான் பாத்தேன்," என்றான் ஹிசாவோ.

"என் வேலைய முழுசாப் பாக்கக்கூட உனக்கு மனசு வரல."

"இந்தத் தடவையாவது முடிச்சிட்டியே. அதுவே பெருசுன்னு இருந்தேன்."

இந்த வார்த்தை என்றைக்காவது வரும் என்று தொமோயே போன வாரமே பயந்திருந்தாள். நோபுயாவின் காதுகள் சிவந்தன. அவன் கத்தவில்லை. இன்றிலிருந்தே உட்காருவேன், தூங்கமாட்டேன், முழுவதையும் திரும்ப வரைவேன் என்று மட்டும் சொன்னான். ஒரு அசைவுக்கும் அடுத்ததற்கும் நடுவே வரும் இடைப்படங்களை யார் வரைவது, யார் வண்ணம் பூசுவது, பூசினால்தான் இந்த ஈரத்தில் எப்போது காய்வது என்று தொமோயே கேட்டாள்.

"அண்ணனும் உக்காந்தா முடியும்," என்றான் அவன்.

"அவர் உக்காரமாட்டார்."

அவ்வளவு கடுமையாகச் சொல்லவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஹிசாவோ ஏதாவது சொல்வான் என்று பார்த்தாள். அவன் எதிர்வீட்டுச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொரியல் கீழே ஆறிக்கொண்டிருந்தது. யாருக்கும் பசியில்லை, யாருக்கும் எழுந்து போகவும் தெம்பில்லை. தொமோயே ஒரு தாளை எடுத்து, செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல், வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள். பின்பக்கத்தில் பெயின்ட் திட்டுத்திட்டாக இருந்தது. ஆனால் உருவம் தெரிந்தது. கருந்துணி இடது கையில் இருந்தது.

"பிலிமத் திருப்பி பிரிண்ட் போட்டா?" என்றாள்.

நோபுயா தலை நிமிர்ந்தான். பிலிம் கழுவும் லேபில் அப்படிச் செய்வார்கள், முன்பு ஒருமுறை செய்ததைப் பார்த்திருக்கிறான். சண்டை முழுவதையும் ஒட்டுமொத்தமாகத் திருப்பிவிட்டால் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதில் குழப்பம் வராது. ஆற்றங்கரையில் எழுத்துப் பலகை கிடையாது, வெறும் பனி. ராட்சதன் மேல் துணியே கிடையாது, எந்தப் பக்கம் திரும்பினாலும் ராட்சதன்தான். பேசப் பேச அவன் குரல் ஏறியது. அண்ணியைக் கும்பிடலாமா என்றுகூடக் கேட்டான்.

ஹிசாவோ தன் கழுத்தருகே ஒரு விரலை வைத்தான்.

"மடிப்பு," என்றான்.

நோபுயா தாளை இழுத்துப் பார்த்தான்.

தொகிவா அணிந்திருப்பது முன்னால் மடித்துக் கட்டும் அங்கி. உயிரோடிருப்பவர்களுக்கு இடப்பக்கத் துணி மேலே வரும். வலப்பக்கம் மேலே வருவது பிணத்துக்குத்தான். விளையாட்டிலும் ஆள் திரும்பும்போது அது மாறுகிறதுதான், ஆனால் கட்டைவிரல் அளவு உருவத்தில் யார் பார்க்கிறார்கள்? கையைத் தப்பாக வரைந்த நோபுயாவின் பென்சில், அங்கியின் மடிப்பை மட்டும் ஒரு இடத்தில்கூடத் தப்பவிடவில்லை. குழந்தையிலிருந்து அம்மா மடித்துவிட்ட மடிப்பு, விளையாட்டைவிட ஆழமாக இறங்கியிருந்தது. பிலிமைத் திருப்பினால் கை சரியாகும். கதாநாயகன் பிணமாவான். தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் அத்தனை தாய்மாரும் முதல் நொடியிலேயே முகம் சுளிப்பார்கள்.

"ஆக மொத்தம் ஒண்ணுமில்ல," என்று நோபுயா தரையில் உட்கார்ந்தான்.

தொமோயேவுக்கு மாமியாரின் சாவு நினைவுக்கு வந்தது. வெள்ளை அங்கியை மடித்துவிட அவளிடம்தான் சொன்னார்கள். பழக்கத்தில் கைகள் உயிருள்ளவர்களின் பக்கமே போயின. வலிந்து மாற்றி மடித்தபோது, தானே அந்த அம்மாளை வாசலுக்கு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியதுபோல் இருந்தது.

"தொகிவா எதுக்காக அந்த ஆத்தங்கரைக்குப் போறான்?" என்று கேட்டாள்.

நோபுயா அலுப்போடு பார்த்தான். "கதை உங்களுக்குத் தெரியாதா அண்ணி? திரும்பி வரமாட்டோம்னு தெரிஞ்சுதான் போறான்."

"அப்போ அவனே மாத்திக் கட்டிக்கட்டும்."

முதலில் புரிந்துகொண்டவன் ஹிசாவோ. சண்டையைத் திருப்பியே பிரிண்ட் போடலாம்; அதற்கு முன்னால் ஒரே ஒரு சிறு காட்சி. தொகிவா தன் அங்கியை அவிழ்த்து, இறந்தவனைப்போல் மடித்துக்கொள்கிறான். யாரும் ஒரு வார்த்தை பேசவேண்டாம், எல்லோருக்கும் புரியும். சண்டை முடிந்து உயிரோடு நிற்கும்போது இன்னொரு காட்சி. மறுபடி சரியாக மடித்துக்கொள்கிறான். அப்புறம் துணியைப் பிரிக்கிறான். இரண்டே இரண்டு காட்சிகள்.

"தொமோயே," என்றான். சொல்லிக்கொண்டே போன் செய்ய எழுந்துவிட்டான்.

டைரக்டர் இசோமுராவுக்கு ஹிசாவோதான் போன் செய்தான். மறுமுனையில் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. பிறகு, ஊரிலுள்ள பிள்ளைகளின் பென்சில் பெட்டி மேலெல்லாம் இருக்கிற ஆளுக்குப் பிணக்கோலம் கட்டச் சொல்கிறாயே, விளையாட்டு நிறுவனத்தார் என்னைத்தான் கட்டிவைப்பார்கள் என்றார். அப்புறம் இன்னொரு தீக்குச்சி. வரைந்து அனுப்பு, நான் போய் அவர்களிடம் குனிந்து நின்று கெஞ்சுகிறேன், குனிவதற்குத்தானே என்னை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். ஒத்துக்கொள்வார்களா என்பது அவருக்கும் தெரியவில்லை. படங்களை எடுத்துப் போகச் சாயங்காலம் கார் அனுப்புவதாகச் சொன்னார்.

கீழே ஹிசாவோவின் மேஜையில் நோபுயா உட்கார்ந்தான். போன வாரம்வரை அந்த நாற்காலியைத் தொட அவனுக்குத் துணிச்சல் இருந்திருக்காது. காகிதத்தைப் பொருத்தி, வரைந்து, கசக்கி, மறுபடி வரைந்தான். மாற்றி மடிக்கும் கையை அவனால் கற்பனை செய்ய முடியவில்லை. யாராவது நின்று காட்டவேண்டும் என்றான்.

"நான் நிக்கறேன்," என்றாள் தொமோயே.

"ஆம்பள கை வேணும் அண்ணி."

ஹிசாவோ அதற்குள் அலமாரியிலிருந்து கோடையில் உடுத்தும் பருத்தி அங்கியை எடுத்துச் சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தான். விளக்கின் கீழே வந்து நின்றான். மெலிந்துபோன தோளில் அங்கி ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது.

முதலில் இரண்டாவது காட்சியை வரைந்துவிடேன் என்று தொமோயே சொன்னாள். நோபுயா சிரித்தான். அண்ணிக்கு இவ்வளவு சகுன பயம் உண்டா என்று கேலி செய்தான்.

"வரிசையா வரையட்டும்," என்றான் ஹிசாவோ.

இடப்பக்கத் துணியை முதலில் உள்ளே இழுத்துப் பிடித்தான். பிறகு வலப்பக்கத்தை அதன்மேல் கொண்டுவந்து மடித்தான். மடிப்பின் மேல் வலது கை வந்து நின்றது. விரல்கள் நடுங்கின.

அவன் நடித்துக் காட்டுகிறான் என்றுதான் தொமோயே நினைத்தாள். ஓவியர்கள் அப்படித்தான். குதிரை வரையவேண்டுமானால் கனைத்துக் காட்டுவார்கள்.

"பிரமாதம் அண்ணா," என்றான் நோபுயா, பென்சில் ஓட ஓட. "அந்த நடுக்கம் இருக்கே, அதான். சாகப் போறவன் கை. அப்படியே வெச்சுக்க."

பென்சில் காகிதத்தில் சரசரத்தது. அவன் முகம் வெகுநாளைக்குப் பிறகு சின்னப் பையன் முகம்போல் இருந்தது.

"போதும், நடுக்கத்தப் பிடிச்சிட்டேன். இப்ப அசையாம நில்லு. விரல் முட்டிய சரியாப் பாக்கணும்."

கை அசையாமல் நிற்கவில்லை.

"அண்ணா, நிறுத்திட்டேன்னு சொன்னேனே."

ஹிசாவோ இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அப்போதும் விரல்கள் தம் பாட்டுக்கு நடுங்கின. பென்சில் நின்றது. நோபுயா நிமிர்ந்து பார்த்தான். அண்ணனின் முகத்தை அல்ல, கையை.

"வரை," என்றான் ஹிசாவோ.

இதற்காகத்தான் அவன் காலையில் விட்டுடு என்று சொன்னான் என்பது தொமோயேவுக்கு இப்போது விளங்கியது. நாள் முழுக்க அவள் எந்தக் கையைக் காப்பாற்றப் பாடுபட்டாளோ, அந்தக் கை எப்போதோ போய்விட்டிருந்தது.

"எப்பலேர்ந்துங்க?"

"பனிக்காலத்துலேர்ந்து."

மாடியில் கட்டுக்கட்டாக மஞ்சள் தாள்கள் இருந்தன. இந்த மாதம் முழுவதும் அந்தக் கோடுகளை நம்பித்தான் அவள் ஒவ்வொரு முகத்தையும் சரி பார்த்திருந்தாள். ஒரே மூச்சில் இழுத்த, முடியைப்போல் மெல்லிய, எங்கும் பிசிறில்லாத கோடுகள். ஓரத்தில் ஹிசாவோவின் முத்திரை.

"அப்போ அந்தத் திருத்தமெல்லாம் யாருங்க போட்டது?"

ஹிசாவோ, அண்ணி கேட்ட கேள்வி நோபுயாவுக்கும்தான் என்பதுபோல் ஒரு நொடி தம்பியைப் பார்த்தான். நோபுயாவுக்கும் ஒன்றும் தெரியாது என்பது அவன் திறந்த வாயிலேயே தெரிந்தது.

"ரெண்டாவது படத்துக்குப் போ நோபுயா," என்றான் ஹிசாவோ. "மாத்திக்கறேன்."

மடிப்பை அவிழ்க்க விரல்கள் ஒத்துழைக்கவில்லை. துணியின் ஓரத்தைப் பிடிப்பதும் நழுவவிடுவதுமாக இருந்தான். தொமோயே எழுந்து அவன் முன்னால் போய் நின்றாள். வலப்பக்கத்தை உள்ளே தள்ளினாள். இடப்பக்கத்தை மேலே கொண்டுவந்து நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். அவன் கை அவள் கைமேல் வந்து விழுந்தது.

அது ஆண் கை அல்ல என்று நோபுயா இப்போது சொல்லவில்லை. புதுக் காகிதத்தைப் பொருத்தி, வரைய ஆரம்பித்தான்.